பால் மறந்த பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் தாது உப்புகள்: கணக்கும் கலவையும்

பால் மறக்கச் செய்த முதல் இரண்டு வாரத்தில் குட்டிகள் கழிந்தால் எல்லோரும் கிருமியைத் தேடுவார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள், கொட்டகையில் குளிர் அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் தீவன அறையின் மூலையில் இருக்கும் சுண்ணாம்புக்கல் தூள் மூட்டையை யாரும் சந்தேகிப்பதில்லை. குட்டித் தீவனத்தில் அதிகம் நடக்கும் தாது உப்புப் பிழை பற்றாக்குறை இல்லை, கால்சியம் கூடிப்போவது. அது வயிற்றின் அமிலத்தைக் கெடுக்கும், பாஸ்பரஸைத் தடுக்கும், துத்தநாகத்தையும் கட்டிப்போடும். அதனால் இந்த வழிகாட்டி கால்சியத்துக்கு அதிக இடம் கொடுக்கிறது. மற்ற தாதுக்கள் அதைச் சுற்றி வருகின்றன.

பேசப்படுவது பிறந்தது முதல் சுமார் 25 கிலோ எடை வரையுள்ள குட்டிகளைப் பற்றி. அளவுகள் எல்லாம் குட்டி தின்னும் நிலையில் உள்ள தீவனத்துக்கு, அதாவது ஈரப்பதம் கழிக்காமல்.

குட்டியின் இரைப்பையில் நடப்பது

பால் குடிக்கும்வரை குட்டியின் இரைப்பையில் அமிலத்தைத் தருவது பெரும்பாலும் பாக்டீரியாதான். பாலில் உள்ள லாக்டோஸை அவை லாக்டிக் அமிலமாக மாற்றும். குட்டியின் சொந்த ஹைட்ரோகுளோரிக் அமிலச் சுரப்பு அப்போது குறைவு. அது தேவையான அளவுக்கு வர 7 முதல் 10 வாரம் வயதாக வேண்டும். நாமோ 3, 4 வாரத்தில் பாலை நிறுத்திவிடுகிறோம். லாக்டோஸ் நின்றுபோகிறது, சொந்த அமிலம் இன்னும் வரவில்லை, அதே நேரத்தில் சோயாவும் மக்காச்சோளமும் உள்ளே போகின்றன.

புரதத்தை உடைக்கும் பெப்சின் நன்றாக வேலை செய்ய பிஎச் (அமிலத்தின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். 4-ஐத் தாண்டினால் அதன் வேலை வேகமாகக் குறையும். உடையாத புரதம் சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கும் பெருங்குடலுக்கும் போய் அங்கே புளித்து ஈ.கோலை என்ற குடல் கிருமிக்குத் தீனியாகிறது. வாய்வழி வரும் கிருமிகளைக் கொல்லும் அமில வேலியும் அதே நேரத்தில் தளர்ந்திருக்கும். கழிச்சலுக்கு இவ்வளவு போதும்.

இப்போது சுண்ணாம்புக்கல் தூளின் பங்கு. அது கால்சியம் கார்பனேட். 1 கிலோ தூய கால்சியம் கார்பனேட் ஏறக்குறைய 730 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செயலிழக்கச் செய்யும். 100 கிலோ தீவனத்தில் 1 கிலோ சேர்த்து, அதில் ஒரு குட்டி நாளைக்கு 200 கிராம் தின்றால், 2 கிராம் சுண்ணாம்பு உள்ளே போகிறது. அது கிட்டத்தட்ட ஒன்றரை கிராம் அமிலத்தைத் தின்றுவிடும். அமிலமே போதாத வயிற்றுக்கு இது பெரிய இழப்பு. டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்), எம்சிபி (மோனோகால்சியம் பாஸ்பேட்) என்ற பாஸ்பரஸ் உப்புகள் இரண்டும் அமிலத்தைக் கட்டும், ஆனால் கார்பனேட் அளவுக்கு இல்லை. மக்காச்சோளம் மிகக் குறைவு. சோயா புண்ணாக்கு நடுத்தரம், ஆனால் 100 கிலோ தீவனத்தில் 30 கிலோ போடும்போது அதன் பங்கும் சேர்ந்துகொள்ளும்.

முதல் படி: தேவையை எழுதி வையுங்கள்

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-ல் வெளியிட்ட தேவைப் பட்டியல்தான் பெரும்பாலான தீவனக் கணக்குகளுக்கு அடிப்படை. அதன்படி:

5–7 கிலோ எடை: கால்சியம் 0.85%, செரிக்கும் பாஸ்பரஸ் 0.45%, மொத்தப் பாஸ்பரஸ் 0.70%, சோடியம் 0.40%, குளோரைடு 0.50%.

7–11 கிலோ: கால்சியம் 0.80%, செரிக்கும் பாஸ்பரஸ் 0.40%, மொத்தப் பாஸ்பரஸ் 0.65%, சோடியம் 0.35%, குளோரைடு 0.45%.

11–25 கிலோ: கால்சியம் 0.70%, செரிக்கும் பாஸ்பரஸ் 0.33%, மொத்தப் பாஸ்பரஸ் 0.60%, சோடியம் 0.28%, குளோரைடு 0.32%.

நுண்தாதுக்களில், ஒரு கிலோ தீவனத்துக்கு: இரும்பு 100 மி.கி., துத்தநாகம் 100 மி.கி. (11 கிலோவுக்கு மேல் 80), தாமிரம் 6 மி.கி. (11 கிலோவுக்கு மேல் 5), மாங்கனீசு 3–4 மி.கி., அயோடின் 0.14 மி.கி., செலினியம் 0.30 மி.கி. (11 கிலோவுக்கு மேல் 0.25).

பாஸ்பரஸுக்கு ஏன் இரண்டு எண்கள்? தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. பன்றிக்கு அதைத் திறக்கும் நொதி போதாது. மக்காச்சோளப் பாஸ்பரஸில் செரிப்பது சுமார் 34%, சோயாவில் சுமார் 48%, டிசிபியில் சுமார் 81%, எம்சிபியில் சுமார் 88%. ஆகவே கணக்கை எப்போதும் செரிக்கும் பாஸ்பரஸில் போடுங்கள். மொத்தப் பாஸ்பரஸ் எண், கால்சியத்தோடு விகிதம் பார்க்க மட்டும்.

அந்த விகிதம் 1:1 முதல் 1.25:1 வரை இருந்தால் நல்லது. பாஸ்பரஸ் தேவைக்குச் சற்று அதிகமாகவே இருந்தால் விகிதம் கொஞ்சம் ஏறினாலும் குட்டி தாங்கும். பாஸ்பரஸ் விளிம்பில் இருக்கும்போது கால்சியம் ஏறினால்தான் வளர்ச்சி சட்டென்று விழும்.

இரண்டாம் படி: மூட்டைக்குள் என்ன இருக்கிறது

மறைந்திருக்கும் கால்சியத்தைக் கண்டுபிடிப்பது இந்தப் படி. எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்?

பிரிமிக்ஸில் (வைட்டமினும் நுண்தாதுவும் சேர்ந்த ஆயத்தக் கலவை): வைட்டமினையும் நுண்தாதுவையும் பரவலாகக் கலக்கப் பயன்படும் நிரப்புப் பொருள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் தூள்தான். சோயா புண்ணாக்கில்: கட்டி பிடிக்காமல் ஓட அதிலும் கொஞ்சம் சுண்ணாம்பு கலப்பது உண்டு. மீன்தூளில்: எலும்பும் தலையும் அதிகமான மலிவு ரகத்தில் கால்சியம் மிக அதிகம். இவற்றை விடப் பெரிய ஆபத்து, மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையைக் குட்டித் தீவனத்திலும் போடுவது. அதில் கால்சியம் 20–25% வரை இருக்கும். 100 கிலோவுக்கு 2 கிலோ போட்டால் அதிலிருந்தே 0.4–0.5% கால்சியம் வந்துவிடும். அதன் மேல் வழக்கமான சுண்ணாம்பும் டிசிபியும் சேர்ந்தால் 1.1, 1.2 சதவீதத்துக்குப் போய்விடும்.

எளிய சோதனை ஒன்று. பிரிமிக்ஸ் அல்லது புண்ணாக்கு ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மேலே வினிகர் ஊற்றுங்கள். சளசளவென்று நுரைத்தால் உள்ளே கார்பனேட் இருக்கிறது. லேசாக ஓரிரண்டு குமிழி வந்தால் கவலை இல்லை. அளவு தெரியாது, ஆனால் விற்பவரிடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி: "இதில் கால்சியம் எத்தனை சதவீதம்?" எழுத்தில் பதில் வராத பிரிமிக்ஸை வாங்காதீர்கள்.

கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்: சுண்ணாம்புக்கல் தூளில் கால்சியம் சுமார் 38%. டிசிபியில் கால்சியம் 20–24%, பாஸ்பரஸ் 18.5%. எம்சிபியில் கால்சியம் சுமார் 16–17%, பாஸ்பரஸ் 21%. கறியுப்பில் சோடியம் 39%, குளோரைடு 61%. மக்காச்சோளத்தில் கால்சியம் 0.02%, பாஸ்பரஸ் 0.26%. சோயா புண்ணாக்கில் கால்சியம் 0.33%, பாஸ்பரஸ் 0.71%. வே பவுடரில் (பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் நீரின் தூள்) கால்சியம் சுமார் 0.6%, பாஸ்பரஸ் 0.7%.

மூன்றாம் படி: பாஸ்பரஸை முதலில் நிரப்பி, கால்சியத்தைக் கடைசியில் போடுங்கள்

வரிசை முக்கியம். டிசிபி இரண்டையும் கொண்டுவருகிறது, சுண்ணாம்பு ஒன்றை மட்டும். அதனால் முதலில் பாஸ்பரஸ், மிச்சக் கால்சியத்துக்குச் சுண்ணாம்பு.

11–25 கிலோ குட்டிக்கு 100 கிலோ தீவனம் என்று எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளம் 63 கிலோ, சோயா புண்ணாக்கு 30 கிலோ, எண்ணெய் 3 கிலோ. மீதி 4 கிலோ தாது உப்பு, உப்பு, பிரிமிக்ஸ், அமினோ அமிலங்களுக்கு.

பாஸ்பரஸ்: மக்காச்சோளத்திலிருந்து 0.164, சோயாவிலிருந்து 0.213. மொத்தம் 0.377%. இதில் செரிப்பது: மக்காச்சோளத்தில் 0.056, சோயாவில் 0.102, ஆக 0.158%. தேவை 0.33. குறை 0.172%. டிசிபியில் செரிக்கும் பாஸ்பரஸ் 15% (18.5-இல் 81%). 0.172-ஐ 0.15-ஆல் வகுத்தால் 1.15 கிலோ டிசிபி.

கால்சியம்: மக்காச்சோளமும் சோயாவும் 0.112%. டிசிபி (22% கால்சியம் உள்ளது) 1.15 கிலோவிலிருந்து 0.253%. ஆக 0.365%. தேவை 0.70. மீதி 0.335-ஐ 0.38-ஆல் வகுத்தால் சுண்ணாம்பு 0.88 கிலோ. மொத்தப் பாஸ்பரஸ் 0.59% ஆகிறது, விகிதம் 1.19. சரியாக அமர்கிறது.

பைட்டேட்டைத் திறக்கும் நொதியான பைட்டேஸைச் சேர்த்தால்தான் பலருக்கும் கணக்கு தடம் புரள்கிறது. கிலோ தீவனத்துக்கு 500 முதல் 1,000 அலகு பைட்டேஸ், ரகத்தைப் பொறுத்து 0.10–0.15% பாஸ்பரஸை விடுவிக்கும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 0.10. குறை 0.072 ஆகிறது, டிசிபி 0.48 கிலோ போதும். பிறகு ஒருவர் அதே 0.70% கால்சியத்தைப் பிடிக்கச் சுண்ணாம்பைக் கூட்டுகிறார்: 0.112 + 0.106 கழித்து மீதி 0.482, அதாவது 1.27 கிலோ சுண்ணாம்பு. எண் சரியாக வந்துவிட்டது என்று நினைப்பார். ஆனால் இப்போது மொத்தப் பாஸ்பரஸ் 0.466% மட்டும், விகிதம் 1.5. பூட்டைத் திறக்க வாங்கிய பைட்டேஸின் கையைக் கூடுதல் கால்சியம் கட்டிவிடுகிறது. கால்சியமும் பைட்டேட்டும் சேர்ந்து குடலில் கரையாத கட்டியாகின்றன, பைட்டேஸுக்கு அது எட்டாது. மிஞ்சிய கால்சியம் பாஸ்பரஸோடு சேர்ந்தும் வெளியேறுகிறது.

சரியான வழி: பைட்டேஸ் பாஸ்பரஸை மட்டுமா விடுவிக்கிறது? பைட்டேட்டோடு கட்டுண்ட கால்சியத்தையும் விடுவிக்கிறது. ஆகவே கால்சிய இலக்கையும் 0.10 புள்ளி இறக்கி 0.60% வையுங்கள். சுண்ணாம்பு சரியாக 1 கிலோ. விகிதம் 1.29. பைட்டேஸ் விடுவிக்கும் பாஸ்பரஸையும் மனதில் கொண்டால் இது பாதுகாப்பான இடம்.

பால் மறந்த முதல் இரண்டு வாரம்: கால்சியத்தை வேண்டுமென்றே இறக்குவது

மேலே உள்ள பட்டியல் 5–7 கிலோவுக்கு 0.85% கால்சியம் சொல்கிறது. அது எலும்பை மனதில் வைத்த எண். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் உயிர் வாழ்வது வயிற்றை நம்பித்தான். எலும்பில் கால்சியச் சேமிப்பு இருக்கிறது, சில நாள் கடன் வாங்கலாம். அதனால் அனுபவமுள்ள தீவனக்காரர்கள் இந்தக் கட்டத்தில் கால்சியத்தை 0.55–0.65% வரை இறக்கி, பாஸ்பரஸை மட்டும் குறைக்காமல் பைட்டேஸோடு வைக்கிறார்கள். பாஸ்பரஸ் குறைந்தால் முதலில் தீனி குறையும், பிறகு வளர்ச்சி, கடைசியில்தான் எலும்பு.

கணக்குப் பார்த்தால் இது எளிதாகவே கைகூடும். 100 கிலோவில் வே பவுடர் 20 கிலோ, நல்ல மீன்தூள் 5 கிலோ, சோயா 18 கிலோ, மக்காச்சோளம் 50 கிலோ என்றால், சுண்ணாம்பே போடாமல் கால்சியம் சுமார் 0.40% வந்துவிடும். செரிக்கும் பாஸ்பரஸ் சுமார் 0.34%, பைட்டேஸ் 0.10 சேர்த்தால் 0.44%. டிசிபி ஏறக்குறைய தேவையே இல்லை. சுண்ணாம்பு 400–500 கிராம் போதும். பழக்கத்தில் 1 கிலோ சுண்ணாம்பும் 1 கிலோ டிசிபியும் போட்டால் கால்சியம் 1 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

இந்த இறக்கத்தை இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். குட்டி 7–8 கிலோவைத் தாண்டி நன்றாகத் தின்னத் தொடங்கியதும் படிப்படியாக ஏற்றுங்கள். பெண்குட்டியைத் தாய்ப்பன்றியாக வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். எலும்பு முழுமையாகக் கெட்டிப்படத் தேவையான பாஸ்பரஸ், வளர்ச்சிக்குத் தேவையானதை விடச் சுமார் 0.1 புள்ளி அதிகம்.

சுண்ணாம்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கால்சியம் ஃபார்மேட் போடலாம். அதில் கால்சியம் சுமார் 30%, அமிலத்தைக் கட்டும் சக்தி மிகக் குறைவு. கால்சியம் குளோரைடும் அமிலத்தைக் கட்டாது என்று கேட்டு அதை வாங்குபவர்கள் உண்டு. அது குளோரைடைக் கூட்டி, கீழே சொல்லப்போகும் மின்பகு சமநிலையை (சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கம், குளோரைடு மறுபக்கம்) கவிழ்க்கும், கசப்பால் தீனியும் குறையும். விட்டுவிடுவது நல்லது. ஃபியூமரிக், ஃபார்மிக், சிட்ரிக் போன்ற கரிம அமிலங்கள் உதவும், ஆனால் சுண்ணாம்பை அளவுக்கு மேல் போட்டுவிட்டு அதை அடக்க அமிலம் வாங்குவது இரட்டைச் செலவு.

பிஎச் அளவியும் பியூரெட்டும் கையில் உள்ளவர்கள் தீவனத்தை நேரடியாகச் சோதிக்கலாம். அரைத்த தீவனம் 10 கிராம், வடிநீர் 100 மி.லி., கலக்கிக்கொண்டே 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 4-இல் நிலையாக நிற்கும்வரை செலவான மி.லி.-ஐக் குறியுங்கள். அதை 10-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு எத்தனை மில்லி ஈக்விவலன்ட் என்று வரும். 30 மி.லி. செலவானால் 300. அவசரப்பட வேண்டாம், சுண்ணாம்புத் துகள் மெதுவாகக் கரையும், பிஎச் திரும்ப ஏறும், காத்திருந்து மீண்டும் விட வேண்டும். முதல் கட்டத் தீவனத்துக்கு 250-க்குள் வருவது நல்ல இலக்கு. 1% சுண்ணாம்பே தனியாக இதில் 200-ஐ எடுத்துக்கொள்ளும்.

நான்காம் படி: உப்பும் மின்பகு சமநிலையும்

பால் மறந்த குட்டி உப்புக்கு நன்றாகவே வளரும். குளோரைடு இல்லாமல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எங்கிருந்து வரும்? சோடியம் இல்லாமல் குளுக்கோஸும் அமினோ அமிலமும் குடல் சுவரைத் தாண்டாது. சாதா மக்காச்சோள-சோயா தீவனத்தில் இரண்டும் மிகக் குறைவு என்பதால் 11–25 கிலோ கட்டத்தில் 100 கிலோவுக்கு 600–650 கிராம் உப்பு தேவைப்படும். வே பவுடரும் மீன்தூளும் உள்ள முதல் கட்டத்தில் 400–500 கிராம் போதும், ஏனெனில் அவற்றிலேயே உப்பு இருக்கிறது. மீன்தூளின் உப்பளவைக் கேட்காமல் வாங்கினால் இந்தக் கணக்கு முழுவதும் வீண்.

சமநிலைக்கு ஒரு சூத்திரம்: கிலோவுக்குச் சோடியம் கிராம் × 43.5, கூட்டல் பொட்டாசியம் கிராம் × 25.6, கழித்தல் குளோரைடு கிராம் × 28.2. விடை 200–250-க்குள் இருக்கட்டும். மேலே சொன்ன 11–25 கிலோ தீவனத்தில் உப்பு 650 கிராமும் லைசின் ஹைட்ரோகுளோரைடு 400 கிராமும் போட்டால்: சோடியம் 2.8, பொட்டாசியம் 8.6, குளோரைடு 5.2. விடை 195. கிட்டத்தட்டச் சரி.

இங்கே பலரும் மறப்பது லைசின். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குளோரைடு. சோயாவைக் குறைத்து லைசினைக் கூட்டும்போது பொட்டாசியம் குறைகிறது, குளோரைடு கூடுகிறது, இரண்டும் சேர்ந்து எண்ணை இறக்குகின்றன. 150-க்குக் கீழே போனால் உப்பின் ஒரு பகுதியைச் சோடியம் பைகார்பனேட்டாக மாற்றலாம். ஆனால் பைகார்பனேட்டும் அமிலத்தைக் கட்டும், முதல் கட்டத்தில் கை நடுங்கிப் போடுங்கள்.

துத்தநாகமும் தாமிரமும்

சத்தாக வேண்டிய துத்தநாகம் 100 மி.கி. மருந்தாகக் கொடுப்பது 2,500–3,000 மி.கி. இரண்டும் வேறு. ஜிங்க் ஆக்சைடை அந்தப் பெரிய அளவில் பால் மறந்த முதல் இரண்டு வாரம் கொடுத்தால் கழிச்சல் குறைந்து எடை கூடும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஆனால் 72% துத்தநாகம் உள்ள ஆக்சைடு 100 கிலோவுக்கு 350 கிராம் போட வேண்டும். அதில் பெரும்பகுதி சாணத்தோடு மண்ணுக்குப் போய்ச் சேர்கிறது. மருந்தெதிர்ப்புள்ள கிருமிகளைத் தேர்ந்தெடுக்கும் கவலையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூன் முதல் இந்த மருந்தளவுக்கு அனுமதி இல்லை, அங்கே தீவனத்தின் மொத்தத் துத்தநாகத்துக்கு 150 மி.கி. உச்சவரம்பு. உங்கள் நாட்டு விதியைப் பார்த்து முடிவெடுங்கள்.

அனுமதி உள்ள இடத்திலும் மூன்று விஷயம். ஆக்சைடும் அமிலத்தைக் கட்டும், எனவே அதைப் போடும்போது சுண்ணாம்பை இன்னும் இறக்குங்கள். பெரிய அளவுத் துத்தநாகம் பைட்டேட்டைப் பிடித்துக்கொண்டு பைட்டேஸின் பலனைக் குறைக்கும், டிசிபியைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் தாமிரப் பற்றாக்குறையும் தீனிக் குறைவும் வரும்.

தாமிரம் 125–250 மி.கி. அளவில் வளர்ச்சியைத் தூண்டும். 25% தாமிரம் உள்ள காப்பர் சல்பேட்டில் 125 மி.கி. என்பது 100 கிலோவுக்கு 50 கிராம். இதற்கும் சட்ட வரம்புகள் உண்டு. ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க: பன்றிக்குப் பழகிய இந்த அளவு செம்மறியாட்டைக் கொன்றுவிடும். தீவன மிச்சத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பால் குடிக்கும் குட்டிக்கு இரும்பு

தாய்ப்பாலில் கால்சியமும் பாஸ்பரஸும் போதுமான அளவில், நன்றாகச் செரிக்கும் வடிவில் இருக்கின்றன. ஊசி போட வேண்டியது ஒன்றுக்குத்தான். குட்டி பிறக்கும்போது உடலில் சுமார் 50 மி.கி. இரும்பு. தினத் தேவை 7–16 மி.கி. பாலிலிருந்து வருவது லிட்டருக்கு 1 மி.கி. அளவே. ஒரு வாரத்தில் கையிருப்பு தீரும்.

பிறந்த மூன்றாம் நாளுக்குள் 200 மி.கி. அயர்ன் டெக்ஸ்ட்ரான், காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில். தோலைக் கொஞ்சம் இழுத்துவிட்டு ஊசியைச் செலுத்துங்கள். எடுத்ததும் தோல் திரும்பி வந்து துளையை மூடும், மருந்து வழியாது. ஈன்ற கூட்டம் முழுவதற்கும் ஒரே ஊசியை ஓட்டாதீர்கள். வேகமாக வளரும் குட்டிகளுக்குப் பால் மறக்கும் சமயத்தில் இரும்பு மீண்டும் குறைந்திருக்கலாம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கு மேல் இருந்தால் போதும், 9-க்குக் கீழே ரத்தசோகை. நடுவில் உள்ளவற்றுக்கு இரண்டாவது ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அளவுக்கு மேல் கொடுப்பதும் தவறு. குடலில் மிஞ்சும் இரும்பு ஈ.கோலைக்கு உரம். வைட்டமின் ஈயும் செலினியமும் குறைந்த தாயின் குட்டிகள் இந்த ஊசிக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே இறக்கலாம். அப்படி ஒரு கூட்டத்தில் நடந்தால் மீதிக் குட்டிகளுக்கு ஊசியை நிறுத்திவிட்டு முதலில் தாயின் தீவனத்தைப் பாருங்கள்.

கலக்கும் முறை

நுண்தாதுக்கள் கிராம் கணக்கில் போகின்றன. 28 கிராம் ஜிங்க் சல்பேட்டை 100 கிலோ குவியலின் மேல் தூவினால் ஒரு குட்டிக்குப் பத்து மடங்கும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். 1 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் முதலில் கலந்து, அதை 5 கிலோவில், அதை 20 கிலோவில், பிறகு முழுக் குவியலில். கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். செலினியம் தனியாக வாங்கிக் கலப்பதே கூடாது: தேவை 0.3 மி.கி., 5 மி.கி.-யில் விஷம். பிரிமிக்ஸ் மூலம் மட்டும்.

காப்பர் சல்பேட்டையும் வைட்டமின்களையும் ஒரே பையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், வைட்டமின்கள் சிதையும். பைட்டேஸ் வெப்பம் தாங்காது; குருணைத் தீவனமாக அழுத்தும்போது 80–85 டிகிரியைத் தாண்டினால், மேல்பூச்சு இல்லாத ரகம் வீணாகும். சுண்ணாம்பு மாவு போல மிக நைசாக இருந்தால் வயிற்றில் உடனே கரைந்து அமிலத்தையும் பைட்டேட்டையும் வேகமாகப் பிடிக்கும், சற்றுக் கரகரப்பானது குட்டிக்கு நல்லது.

குட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

தோல் தடித்து, வறண்டு, வெடித்த பொருக்குகள் கால்களிலும் வயிற்றிலும் தொடங்கிப் பரவுகின்றன, ஆனால் குட்டி சொறிவதில்லை என்றால் துத்தநாகப் பற்றாக்குறை. சொறிந்தால் அது சொறிப்பூச்சி. 1955-இல் அமெரிக்காவில் டக்கரும் சால்மனும் இந்தத் தோல் நோய்க்குத் துத்தநாகம் மருந்து என்று காட்டினார்கள். நடைமுறையில் பெரும்பாலும் தீவனத்தில் துத்தநாகம் இருக்கும், கால்சியம்தான் கூடியிருக்கும். கால்சியத்தைச் சரிசெய்து, கிலோவுக்கு 100 மி.கி. துத்தநாகம் கூட்டினால் சில வாரத்தில் தோல் தெளியும்.

நொண்டல், வீங்கிய மூட்டு, எழ மறுப்பது, பின்னங்கால் திடீரென்று விழுவது: பாஸ்பரஸ், கால்சியம் அல்லது வைட்டமின் டி. ரத்தத்தில் கால்சியம் பார்த்துப் பயனில்லை, எலும்பைக் கரைத்தாவது உடல் அதைச் சரியாக வைத்துக்கொள்ளும். இறந்த குட்டியின் விலா எலும்பை வளைத்துப் பாருங்கள். நல்ல எலும்பு சட்டென்று ஓசையோடு ஒடியும், ரிக்கெட்ஸ் எலும்பு ரப்பர் போல வளையும். தீனி குறைந்து, எடை ஏறாமல், எலும்பு இன்னும் நன்றாக இருந்தால் பாஸ்பரஸ் பற்றாக்குறையின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

காது, மூக்கு வெளுத்து, கொஞ்சம் ஓடினாலே விலா அடித்து மூச்சு வாங்கினால் இரும்பு. கூட்டத்தில் நன்றாகக் கொழுத்த குட்டி காலையில் செத்துக் கிடந்தால் செலினியம், வைட்டமின் ஈ இரண்டையும் சந்தேகியுங்கள். இறந்த உடலை வெட்டி இதயத்தையும் ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவரில் தலையை முட்டுவது, வட்டமிடுவது, நாய் போல உட்கார்ந்து பின்னோக்கிச் சாய்ந்து வலிப்பது: உப்பு விஷம். பெரும்பாலும் உப்பு கூடியதால் இல்லை, தண்ணீர் நின்றதால். நிப்பிள் (குட்டி வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய்முனை) அடைத்திருக்கும், அல்லது தொட்டி காய்ந்திருக்கும். பதற்றத்தில் குழாயைத் திறந்து வேண்டிய அளவு குடிக்க விட்டால் மூளை வீங்கிச் சாகும். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு மணிக்கணக்கில் கொடுங்கள்.

தண்ணீரை மறக்க வேண்டாம்

குட்டி ஒரு கிலோ தீவனத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கும். தீவனத்தில் எவ்வளவு கணக்குப் போட்டாலும், தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மி.கி.-க்கு மேல் சல்பேட் இருந்தால் பால் மறந்த குட்டிகள் கழியலாம், அது மருந்துக்கு நிற்காது. ஆழ்துளைத் தண்ணீரை வருடத்துக்கு ஒருமுறை சல்பேட், சோடியம், இரும்புக்குச் சோதியுங்கள். நிப்பிளில் நிமிடத்துக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வர வேண்டும். ஒரு அளவுக் குவளையைப் பிடித்து 30 விநாடி பார்த்தால் தெரிந்துவிடும்.

மாற்றும்போது

பழைய கலவையில் கால்சியம் கூடுதல் என்று கண்டுபிடித்தால், அடுத்த தொகுதியில் சுண்ணாம்பை மட்டும் மாற்றுங்கள். அமிலம், பைட்டேஸ், புரத அளவு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு கூண்டுக்குப் பழைய கலவை, அடுத்த கூண்டுக்குப் புதியது. பால் மறந்த நாளில் எடை, பதினான்காம் நாளில் எடை, தின்ற தீவனம், கழிந்த குட்டிகளின் எண்ணிக்கை, நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கலவைச் சீட்டில் சுண்ணாம்பு எத்தனை கிராம் என்பதற்குப் பக்கத்தில் பிரிமிக்ஸின் கால்சியச் சதவீதத்தையும் எழுதுங்கள். மூட்டையின் பெயர் மாறாமல் உள்ளே நிரப்புப் பொருள் மாறுவது உண்டு, அதனால் ஒவ்வொரு புது மூட்டைக்கும் வினிகர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.